கயிற்றைக் கட்டாதே

அன்புள்ள தங்கைக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகத் தனியே படகை எடுக்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இத்தனை நாள் இருவர் படகில் பழகினாய். நீ சுக்கானைத் திருப்பும் டில்லரைப் பிடித்தால், பாயைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தார். இனி ஒரு கையில் டில்லர், மறு கையில் பாயின் கயிறு. மூன்றாவது கை கிடையாது. ஆகவே முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தக் கயிற்றை எதிலும் கட்டிவைக்காதே.

நான் கட்டினேன். ஒரு ஜூன் மாதக் காலை அது. காற்று சீராக வீசியது, கை வலித்தது. கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டில் செருகிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு வந்தது. படகு கவிழ்ந்தது. நீந்திப்போய், படகின் அடியில் நீட்டியிருக்கும் டாகர்போர்டுப் பலகையில் ஏறி நிமிர்த்தினேன். கயிறு கிளீட்டிலேயே இருந்ததால் பாய் உடனே காற்றைப் பிடித்து, மறுபக்கம் சாய்ந்தது. மூன்றாம் முறைதான் கயிற்றை எடுத்துவிட வேண்டும் என்று புத்தியில் பட்டது. அதற்குள் கரை வெகுதூரம் போயிருந்தது.

கரை ஏன் அப்படிப் போனது என்பது இரண்டாவது பாடம். சென்னையில் ஜூன், ஜூலைக் காலைகளில் காற்று மேற்கே நிலத்திலிருந்து வரும். அலை எழும்பக் காற்றுக்கு நீரின் மேல் ஓடத் தூரம் வேண்டும். கரையோரத்தில் அது கிடைக்காததால் தண்ணீர் தட்டுப் போல இருக்கும். அதைப் பார்த்துக் கடல் அமைதியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் நிற்கும். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது. இருபுறமும் சுமார் 45 பாகை விலகி, மாறி மாறி டேக் அடித்துத்தான் ஏற வேண்டும். களைத்த உடம்புக்கு அது கொடுமை. எனவே நிலம் சூடேறிக் கடற்காற்று தொடங்கும் வரை காத்திரு. அலைதடுப்புச் சுவருக்கு உள்ளேயே ஓட்டு. உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்து ஏறு; களைத்தபின் அது உன்னைக் கொண்டுவந்து சேர்க்கும்.

நம் மொழி காற்றுக்குப் பெயர் வைத்தது அது வரும் திசையைப் பார்த்து. கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். கரையில் நின்று அன்றைய காற்றின் பெயரை வாய்விட்டுச் சொல். சொல்ல வராவிட்டால் படகை இறக்காதே.

உன் ஐ.எல்.சி.ஏ. 4 படகு 4.2 மீட்டர் நீளம், பாய் 4.7 சதுர மீட்டர். பாய் சிறியது என்று மனம் சுருங்காதே. பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், நம் சென்னையின் நேத்ரா குமணன், 2021-இல் தோக்கியோவில் ஓட்டியதும் இதே உடல்கொண்ட படகுதான். பாய் மட்டும் பெரியது.

இறக்குமுன் பின்புற அடைப்பான் இறுகியிருக்கிறதா என்று பார். உயிர்காப்பு அங்கியின் பட்டைகளை இழுத்துக் கட்டு. தண்ணீரில் கருமையாக ஒரு திட்டு உன்னை நோக்கி வந்தால், வீச்சு வருகிறது என்று பொருள். உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்து, கயிற்றைச் சற்று நழுவவிடு. பதறினால் முழுவதும் விட்டுவிடு, டில்லரைப் பாயின் பக்கம் தள்ளு. படகு காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதே. அது மிதக்கும், அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தேடுவதைவிட, ஒரு படகைத் தேடிப் பிடிப்பது எளிது.

எப்போது திரும்புவாய் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. 2018-இல், உலகைத் தனியாகச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்த அபிலாஷ் டோமியின் நிலை, அவர் அனுப்பிய சிறு செய்திகளால் கரைக்குத் தெரிந்தது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று போய் மீட்டது. அதே பந்தயத்தில் அவர் மறுபடி இறங்கி, 2023-இல் இரண்டாவதாக வந்தார். உலகைத் தனியாகச் சுற்றுகிறவருக்கே கரையில் காது கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது.

கை வலிக்கும், தங்கை. உள்ளங்கை சிவந்து, பிறகு காய்ப்பு ஏறும். ஆனாலும் கயிற்றைப் பிடித்தே இரு. காற்று கூடுவதும் தளர்வதும் கண்ணுக்குத் தெரியுமுன் அந்தக் கயிற்றின் இழுப்பில் தெரியும். கட்டிய கயிறு உனக்கு எதையும் சொல்லாது. தனியாகப் போகிறவளுக்குப் பேச்சுத் துணை அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நேரத்தை என்னிடம் சொல். அந்த நேரத்தில் கரையில் நிற்பேன்.

அன்புடன்,
உன் அக்கா