தீர விசாரிப்பதே மெய்

ஒரு காலத்தில் பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் வரிசையான லயத்து வீடுகளில் வாழ்ந்தனர். சுங்கை சிப்புட்டானாலும் தெலுக் இந்தானானாலும், புதியவர் ஒருவர் வந்தால், “எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை?” என்னும் கேள்விகள் உடனே எழும். பெண் கேட்டு வந்தால், மாப்பிள்ளையின் தோட்டத்திற்கே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். அங்கே பொய்யான பெயரில் உலவுவது எளிதன்று.

பின்னர், பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. இன்று புதியவர்கள் வாசல் வழியாக வருவதில்லை. கைப்பேசி வழியாக வருகின்றனர். அவர்களை விசாரிக்க அக்கம்பக்கத்தார் இல்லை.

இந்த இடைவெளியையே மோசடிக்காரர்கள் பயன்படுத்துகின்றனர். யாருடைய படத்தையோ திருடி, மருத்துவர், பொறியாளர், இராணுவ அதிகாரி என்று முகநூலில் போலிக் கணக்கைத் திறக்கின்றனர். வாரக்கணக்கில் அன்பாகப் பேசுகின்றனர். காணொளி அழைப்பு என்றால் மட்டும் சாக்குப்போக்குச் சொல்கின்றனர். “நம் நட்பை யாரிடமும் சொல்லாதே” என்று கேட்டுக்கொள்கின்றனர். பிறகு, விலையுயர்ந்த பரிசுப் பொட்டலம் அனுப்பியதாகக் கூறுவர். அடுத்து, ‘சுங்கத் துறை அதிகாரி’ ஒருவர் அழைத்து, வரி கட்டச் சொல்லித் தனிநபர் வங்கிக் கணக்கு எண்ணைத் தருவார். அவரும் போலியே.

பணம் மட்டுமே பறிபோகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலிய மாது ஒருவர், அமெரிக்க இராணுவ அதிகாரி என்று கூறிக்கொண்ட ஒருவரை இணையத்தில் நம்பினார்; அவரைக் காண ஷங்ஹாய் சென்றார். அவர் வரவில்லை. அறிமுகமில்லாத ஒருவர், மெல்பர்னுக்குக் கொண்டு செல்லும்படி ஒரு பையைக் கொடுத்தார். 2014 டிசம்பரில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் அப்பையில் போதைப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 நவம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தாம் நம்பிய அந்த ‘அதிகாரியை’ அவர் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை.

இணையத்திலும் விசாரிக்க வழிகள் உள்ளன. சந்தேகத்திற்குரிய படத்தைத் தேடுபொறியில் இட்டால், அது வேறு யாருடைய படம் என்பது தெரியவரலாம். வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபார்க்கலாம். மோசடிக்காரர்கள் பிறருடைய கணக்குகளின் வழியே பணம் பெறுவதால், மாணவர்கள் தங்கள் வங்கி அட்டையை யாருக்கும் இரவல் தரக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, புதிய நட்பைப் பற்றிப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும்.

ஏமாந்தவர்கள் பலர், ஊர் சிரிக்குமே என்று அஞ்சி மௌனமாகிவிடுகின்றனர். அந்த மௌனம் ஏமாற்றியவனுக்கே உதவும். பணம் அனுப்பியவுடன் வங்கியையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழைத்தால், பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு. மோசடி செய்பவருக்குக் குற்றவியல் சட்டம் 420ஆவது பிரிவின் கீழ் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவரே, ஏமாந்தவர் அல்லர்.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது பழமொழி. அன்று லயத்துப் பெரியவர்கள் கேட்ட கேள்விகளை, இன்று கைப்பேசியை ஏந்தியிருக்கும் ஒவ்வொருவரும் கேட்டுப் பழக வேண்டும்.