ஆய்வு மாணவரும் நூலகரும்

இன்று தாம்பரத்தில் விளங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் இவ்விடம் வந்தது. அதற்கு முன்னர், அது உயர்நீதிமன்றத்தின் எதிரே இருந்த காலத்தில், அங்கே கணிதம் பயின்றவர் எஸ்.ஆர். அரங்கநாதன். கணிதம் கற்பித்து வந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரத்தைச் சேமித்தல் வேண்டும் என்பது. ஆய்வு மாணவரை மனத்திற்கொண்டு நோக்கின் ஐந்தனுள் இதுவே தலையாயது என்பது எம் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான இசுலாமியத் தமிழ் நூல்களை மாணவர் ஒருவர் ஆராய்கிறார் எனக் கொள்வோம். நூலின் முகப்பில் ஹிஜ்ரி 1300 என்றிருக்கிறது. அவர் 622-ஐக் கூட்டி 1922 என்று எழுதிவிடுகிறார். ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கினது. ஏறத்தாழ 354 நாள்களே உடையது. ஆதலின் ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883-இல் முடிந்த ஆண்டாகும். நாற்பது ஆண்டுப் பிழையின்மீது எழுப்பிய ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் நிற்குமோ? நெறியாளருக்கு இதையெல்லாம் பார்க்க நேரமிராது (நெறியாளர்கள் பொறுத்தருள்க). நூலகர் ஒரு சொல்லில் தடுத்துவிடலாம்.

பெயர்ச் சிக்கல் இதனினும் பெரிது. சீறாப்புராணம் பாடிய புலவரை உமறு என்றும் எழுதுவர். உமர் என்றும் எழுதுவர். ஒன்றைத் தேடி, நூல் இல்லை என்று திரும்புகிறார் மாணவர். நூலோ மற்றதன்கீழ் இருக்கிறது. அட்டவணை அட்டைகள் போய்க் கணினி வந்த பின்னும் இத்தொல்லை தீரவில்லை. மாணவர் வாயிலிருந்து வரும் நூற்பெயரை மட்டும் கேட்டு விடை சொல்லாது, “எதை நிறுவ விரும்புகிறீர்?” என்று வினவும் நூலகரே இதனைத் தீர்க்க வல்லவர்.

அடுத்து வழிகாட்டி அட்டவணைகள். மர்டாக் 1865-இல் தொகுத்தது ஒன்று. பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காகப் பார்னெட்டும் போப்பும் 1909-இல் தொகுத்தது மற்றொன்று. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வெளியிட்ட நூற்பட்டியல்கள் வேறு. 1882-இல் வந்த நூலை மர்டாக்கிடம் தேடிப் பயனில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே தலைப்பில் முன்னரே ஆய்வேடு உண்டா என்பதைச் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்திற் காணலாம்.

பின்னரே தரமணிப் பயணம். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றதன் பயனாக 1994-இல் எழுந்த ஆய்வு நூலகமும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அங்குள்ளன. தலைப்பை மட்டும் எழுதிச் செல்பவர் மாலைவரை காத்திருப்பார். ஆசிரியர் பெயரின் இரு வடிவங்கள், அச்சகம், ஊர், இரு கணக்கிலும் ஆண்டு ஆகியவற்றோடு செல்பவர் நண்பகலில் தாம்பரம் திரும்பலாம். அந்தத் துண்டுத்தாளை மாணவரோடு அமர்ந்து எழுதித் தருவது கல்லூரி நூலகரின் பணி.