மழை நாட்டில் மரச் சுவர்: எந்தப் பலகை தாக்குப்பிடிக்கும்?

பண்டார் தெங்காரா வட்டாரத்தில் பழைய பலகை வீடு ஏதாவது கண்ணில் பட்டால் அதன் சுவரைச் சற்று உற்றுப் பாருங்கள். பலகைகள் கிடையாக அடுக்கப்பட்டிருக்கும். மேல் பலகையின் அடிப்பகுதி கீழ்ப் பலகையின் தலையைக் கொஞ்சம் மூடியிருக்கும். மழைநீர் மேலிருந்து படிப்படியாகச் சொட்டி இறங்கிவிடும், உள்ளே புகாது. மலாய்க்காரர்கள் இந்த அமைப்பைத் ‘திண்டே காசே’ என்பார்கள். ‘திண்டே’ என்றால் மேலே படிவது, ‘காசே’ என்றால் அன்பு. சுவருக்கு இப்படி ஒரு பெயர் வைக்க யாருக்குத் தோன்றியதோ!

இன்று அதே வடிவத்தில் தொழிற்சாலைப் பலகைகள் கிடைக்கின்றன. மரச் சீவல்களைப் பசையோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தவை இவை. இக்கட்டுரையில் அவற்றை அழுத்தப் பலகை என்று அழைப்போம். வீட்டின் பின்கட்டை நீட்டிக் கட்ட நினைக்கும் குடும்பத்திற்கு இவை மலிவாகவும் தெரியும், அழகாகவும் தெரியும். ஆனால் தவறான பலகையை வாங்கிவிட்டால் இரண்டு மழைக்காலத்திற்குள் சுவர் ஊதிவிடும். போட்ட பணம் போனதுதான்.

‘கடுமையான வானிலை’ என்றதும் நமக்குப் பனி பெய்யும் நாடுகள் நினைவுக்கு வரும். உண்மையில், மரத்தைப் பொறுத்தவரை ஜொகூரும் கடுமையான இடமே. இங்கே பனி இல்லை, ஆனால் காற்று காய்வதே இல்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது.

மரத்தின் செல்லுலோஸ் இழைகள் நீர் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையவை. காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை உறிஞ்சும், குறைந்தால் வெளியே விடும். நம் ஊர்க் காற்றில், மழையே படாமல் நிழலில் கிடக்கும் பலகையின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காட்டில் நிற்கும். மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்குச் சுமார் 20 விழுக்காடு ஈரம் கிடைத்தாலே ஆபத்து தொடங்கிவிடும். இடைவெளி வெறும் நான்கு விழுக்காடு! வறண்ட நாடுகளில் பலகை 8 அல்லது 10 விழுக்காட்டில் இருக்கும். அங்கே ஒரு மழை நனைத்தாலும் காய்வதற்கு நேரம் உண்டு. நமக்கு அந்தச் சலுகை இல்லை.

முன்னோர் இதற்குக் கண்ட தீர்வு செங்கால் போன்ற வன்மரம். அதில் இயற்கையாகவே உள்ள வேதிப்பொருள்கள் கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும். ஆனால் செங்கால் மெதுவாக வளரும் மரம். இப்போது அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

நம் நாட்டில் தாராளமாகக் கிடைப்பது ரப்பர் மரம். பால் வற்றிய மரங்களை வெட்டித் துகளாக்கிச் செய்யும் பலகைகள்தாம் நம் வீட்டு அலமாரியிலும் படிப்பு மேசையிலும் இருப்பவை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால், அறைக்குள் வைக்கும் பலகையையே வெளிச்சுவரில் அடித்துவிடுகிறார்கள்.

வேறுபாடு பசையில் இருக்கிறது. அறைக்குள் பயன்படும் பலகைகளில் பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசையே இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் பிணைப்புகள் நீராற்பகுப்பால் மெல்ல அறுந்துவிடும். வெளியே நிற்க வேண்டிய பலகைக்குப் பீனால் பார்மால்டிஹைடு போன்ற, நீருக்கு அசையாத பசை தேவை. எனவே, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல. “இதில் என்ன பசை?” என்பதுதான். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், பலகையோடு வரும் தயாரிப்பாளர் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பசை நல்லதாக இருந்தாலும் போதாது என்பதை அமெரிக்கர்கள் பெரும் செலவு செய்து கற்றுக்கொண்டார்கள். லூசியானா-பசிபிக் என்ற நிறுவனம் 1980-களில் ‘இன்னர்-சீல்’ என்னும் அழுத்தப் பலகையை வீட்டுச் சுவர்களுக்கு விற்றது. ஃபுளோரிடா போன்ற ஈரமான மாநிலங்களில் பலகைகளின் விளிம்பு ஊதியது, அழுகியது, சில வீடுகளில் சுவரிலேயே காளான் முளைத்தது. வீட்டுக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் அந்நிறுவனம் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த பலகைகளில், செய்யும்போதே துத்தநாக போரேட் தூளைச் சேர்ப்பது வழக்கமாயிற்று.

ஏன் துத்தநாக போரேட்? வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போரான் சேர்மங்கள் கரையானுக்கும் பூஞ்சைக்கும் நஞ்சு. நம் ரப்பர் மரத்தையும் வெட்டிய உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். ஆனால் அவை நீரில் நன்றாகக் கரையும். வெளியே வைத்தால் மழையே மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். துத்தநாக போரேட்டோ மிகக் குறைவாகவே கரையும். ஆகவே, அது ஆண்டுக்கணக்கில் பலகைக்குள்ளேயே தங்கும். போரான் ஒன்றுதான், கரைதிறன் மாறியதால் பயனும் மாறியது.

சரியான பலகையை வாங்கியாகிவிட்டது. இனி அடிக்கும் முறை. பலகையின் முகத்தில் சாயமும் பூச்சும் இருப்பதால் மழை அங்கே அதிகம் சேதம் செய்யாது. நீர் நுழைவது வெட்டிய முனைகளில்தான். அளவுக்கு அறுத்த ஒவ்வொரு முனைக்கும் சாயம் பூசிய பிறகே ஆணி அடிக்க வேண்டும். தச்சர்கள் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுதான். மேல் பலகை கீழ்ப் பலகையை 25 மில்லிமீட்டராவது மூட வேண்டும். தரைக்கும் முதல் பலகைக்கும் நடுவே 150 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், மண்ணில் தெறிக்கும் நீரும் கரையானும் எட்டாதபடி. வெள்ளம் வரும் இடமானால் இதுவும் போதாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை வெள்ளம் மூழ்கடித்ததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அத்தகைய இடங்களில் கீழ்ப்பகுதிக்குச் செங்கல்லோ சிமெண்டு நார்ப் பலகையோ வைத்து, மேலே மட்டும் மரம் போடுவது நல்லது என்பது என் கருத்து.

குளிரூட்டி உள்ள அறையானால் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியே 28 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 25 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அது நீராகப் படியும். அறையை 20 பாகைக்குக் குளிரவைத்தால், வெளிக்காற்று சுவருக்குள் புகுந்து உட்பக்கத்தில் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாமல் பலகை பின்னாலிருந்து நனையும். குளிர் நாடுகளில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போக முயல்வதால், ஈரம் புகாத பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உட்பக்கம் ஒட்டுவார்கள். நமக்குத் திசை நேர்மாறு. அந்த நாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்றினால் நீர் சுவருக்குள் சிறைப்பட்டுவிடும். ஈரத்தடுப்புத் தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், அதற்கும் பலகைக்கும் நடுவே காற்றோடும்படி ஒரு சிறு சந்தும் வேண்டும்.

இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட அலமாரிப் பலகை, ஒட்டுப் பலகை, சாதாரண மரம் மூன்றிலும் ஒரே அளவில் இரண்டிரண்டு துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டின் விளிம்புகளுக்கு மட்டும் எண்ணெய்ச் சாயம் பூசிக் காயவிடுங்கள். வெர்னியர் அளவியால் ஒவ்வொன்றின் தடிமனையும் குறித்துக்கொண்டு, ஒரு நாள் நீரில் ஊறவிட்டு மீண்டும் அளங்கள். பிறகு ஒரு வாரம் உலரவிட்டு மூன்றாம் முறை அளங்கள். மரத்துண்டு காய்ந்ததும் ஏறக்குறையப் பழைய தடிமனுக்குத் திரும்பும். அலமாரிப் பலகை திரும்பாது, ஏனென்றால் அழுத்தி நசுக்கிய துகள்கள் நீர் பட்டதும் விடுதலையாகி விரிந்துவிட்டன, பசையும் விட்டுப்போயிற்று. சாயம் பூசிய துண்டுக்கும் பூசாததற்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதைத் தனியாக அட்டவணையிட்டுப் பாருங்கள்.