மலை சூழாத வாவி

கேள்வி: நுவரெலியாவில் மலைகளுக்கு நடுவே கிரகரி ஏரியைப் பார்த்து வந்தோம். எங்கள் தன்னாமுனையில் வாவியைச் சுற்றி ஒரு குன்றுகூட இல்லையே, ஏன்?

பதில்: இரண்டும் பிறந்த விதம் வேறு. கிரகரி ஏரி, மலைப் பள்ளத்தாக்கில் ஓடிய நீரை மறித்து 1873இல் அமைக்கப்பட்டது. உங்கள் வாவியோ கடல் தந்தது. அலைகள் கரை நெடுகக் குவித்த மணல் திட்டுக்குப் பின்னால் தேங்கிய நீர் அது. அதனால்தான் அகலம் குறைந்து, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆழமும் அதிகமில்லை. மலை வேண்டுமென்றால் மேற்கே வெகுதூரம் உள்ளே போய்க் குடும்பிமலையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மலைநாட்டு ஏரியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: நீரின் சுவையே பருவத்தோடு மாறும். மாரி வெள்ளம் இறங்கினால் உப்புக் குறையும், கோடையில் ஏறும். வெள்ளம் மிஞ்சும்போது முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிடுவார்கள். இறாலும் மீன்குஞ்சும் வளர்வது கரையோரக் கண்டல் வேர்களுக்கிடையில். மலை இல்லாததை விட, அந்தக் கண்டல்களை வெட்டிக் கரையை நிரப்புவதுதான் எனக்குக் கவலை.