பவர் ஹேமரும் வீட்டுக்காரர் காதும்

'சாப்பிட வாங்க' என்று மூன்று தரம் கூப்பிட்டும் வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லையா? டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? 'வேணும்னே பண்றார்' என்று கோபப்படாதீர்கள். அவர் பட்டறையில் பவர் ஹேமர் ஓட்டுகிறவரானால், முதலில் காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சூலக்கரையில் தொழிற்பேட்டை உண்டு. இரும்பு வேலை பற்றி விருதுநகர்ப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முன்பு பட்டறையில் இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். இப்போது அந்த வேலையை மோட்டார் செய்கிறது. தோள்பட்டை பிழைத்தது, காது மாட்டிக்கொண்டது!

உள்காதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை அணுக்கள் இருக்கின்றன. ஓயாத அடிச்சத்தத்தில் இவை செத்துப்போகும். மறுபடி முளைக்காது, மருந்தும் கிடையாது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சுச் சத்தம். அதனால் பஸ் வருவது நன்றாகக் கேட்கும். குழந்தையின் பேச்சும், ச, ஸ மாதிரி எழுத்துகளும் நழுவும். "காது கேக்குது, பேச்சுதான் புரியல" என்பார். ராத்திரியில் காதுக்குள் 'ங்ஙொய்' என்று இரைச்சலும் வரலாம்.

ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைதான் அனுமதிக்கின்றன. 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. பஞ்சு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பஞ்சு பெரிதாக ஒன்றும் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்துக்கொண்டு செருக வேண்டும். அது விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை, சட்டப்படி தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் விசாரிக்கலாம்.

மெஷினைக் கவனித்தாலும் சத்தம் குறையும். டையைப் பிடிக்கும் ஆப்பும் அடித்தள போல்ட்டுகளும் தளர்ந்தால் 'லொட லொட'வென்று சத்தம் கூடும். ஒருநாள் டை தெறிக்கவும் செய்யும். தினமும் காலையில் ஆப்பைத் தட்டிப் பாருங்கள், ஸ்பிரிங் பட்டையில் விரிசல் தேடுங்கள், மூட்டுகளுக்கு எண்ணெய் விடுங்கள். நடுவில் இரும்பு இல்லாமல் வெறும் டையோடு டை அடிக்க விடாதீர்கள்.

அடிக்கும்போது குறட்டின் கைப்பிடி வயிற்றுக்கு நேராக இருக்கக் கூடாது, விலாவுக்குப் பக்கமாக விலகியிருக்க வேண்டும். இரும்பு நழுவினால் குறடு ஈட்டி மாதிரி பின்னால் பாயும். தோளில் துண்டும் வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும்.

விரல் போவது பெரும்பாலும் 'ஒரே நிமிஷம், சரி பண்ணிடறேன்' என்று கை விடும்போதுதான். மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பையன் தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. சக்கரம் முழுசாக நின்ற பிறகு, மேல் டைக்கும் கீழ் டைக்கும் நடுவில் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் சுத்தியல் தன் கனத்திலேயே இறங்கும்! பெடலுக்கு மேல் ஒரு தகரக் கூண்டும் தேவை, கீழே விழும் இரும்புத் துண்டு அதை அமுக்கிவிடாமலிருக்க.

சிவகாசி வட்டாரப் பெண்களுக்கு ஒன்று. பட்டாசு ஆலையில் மருந்து அறையில் இரும்புச் சாமானை விடுவதில்லை, பொறி பறக்கும் என்று. அதே மருந்துத் தூள் படிந்த சேலையோடு, வேலை விட்டு நேராகப் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள். ஹேமர் அடிக்கும்போது செக்கச்சிவந்த செதில் பல அடி தூரம் தெறிக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு சேலை உடுத்திக்கொண்டு போங்கள். தலையில் சுற்றியிருந்த துணியையும் மறக்காமல் அவிழ்த்து ஊறப்போடுங்கள்.