டாலர் ஃப்யூச்சர்ஸ்: உண்மையான செலவைக் கணக்கிடுவது எப்படி?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் 10,000 டாலர் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் டாலர் இறங்கினால் நஷ்டம். அதைச் சமாளிக்க, என்.எஸ்.இ.யில் டாலர்-ரூபாய் ஃப்யூச்சர்ஸை இன்றே விற்றுவைக்கலாம். ஒரு லாட் 1,000 டாலர். ஆக, 10 லாட். இதற்கு என்ன செலவாகும்?

முதலில் தகுதி. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 5-ல் வெளியிட்ட சுற்றறிக்கை, அந்த ஆண்டு மே 3 முதல் அமலில் இருக்கிறது. அந்நிய நாணயத்தில் வரவோ செலவோ உள்ளவர்கள்தான் இந்த ஒப்பந்தங்களில் இறங்கலாம். 10 கோடி டாலர் வரை அதை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் உண்மையில் இருந்தாக வேண்டும். வெறும் ஊக வணிகத்துக்கு இடமில்லை.

அடுத்து, கட்டண விவரங்கள் அடங்கிய கான்ட்ராக்ட் நோட்டைக் கையில் எடுக்க வேண்டும். செபி விதிப்படி, வர்த்தகம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் புரோக்கர் இதை அனுப்பியாக வேண்டும். டாலர் 85 ரூபாய் என்று கொண்டு, ஒரு லாட்டை விற்றுத் திரும்ப வாங்கினால் மொத்த வர்த்தகம் 1.70 லட்சம். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 0.00035% வீதம் சுமார் 60 பைசா. செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய் என்பதால் 17 பைசா. முத்திரைத் தீர்வை வாங்கும்போது மட்டும். அது 10 பைசாகூட வராது. பங்குகளுக்கு உள்ள எஸ்.டி.டி. வரி இதற்குக் கிடையாது. ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ் என்றால் 40 ரூபாய், அதோடு 18% ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 48 ரூபாய். அதாவது டாலருக்கு 4.8 பைசா சாதகமாக நகர்ந்த பிறகுதான் முதலுக்கு மோசமில்லை என்ற நிலையே வரும்.

இதே 10 லாட்டையும் ஒரே ஆர்டரில் விற்று, ஒரே ஆர்டரில் திரும்ப வாங்கினால் மொத்தச் செலவு 57 ரூபாய்தான். லாட்டுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை! பத்து ஆர்டராகப் பிரித்துப் போடுபவர் புரோக்கருக்குத்தான் உழைக்கிறார்.

புரோக்கரின் கட்டணப் பட்டியல் எப்போதையது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய புரோக்கர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் தந்துவந்த படிநிலைச் சலுகையை செபி 2024 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வாடிக்கையாளரிடம் வாங்குவதும் எக்ஸ்சேஞ்சுக்குப் போவதும் இப்போது ஒரே தொகை. பழைய பட்டியலை வைத்துப் போடும் கணக்கு தப்பும்.

மூன்றாவது, கான்ட்ராக்ட் நோட்டில் வராத செலவு: வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள ஸ்பிரெட். விலை நகரும் குறைந்தபட்ச அளவு கால் பைசா, லாட்டுக்கு 2.50 ரூபாய். 2024 விதிக்குப் பிறகு ஊக வணிகர்கள் விலகியதால் சந்தையில் வர்த்தகம் வெகுவாகச் சுருங்கியது. ஆள் குறைந்த சந்தையில் இடைவெளி 2 பைசா ஆனால், 10 லாட்டுக்கு 200 ரூபாய் போய்விடும். மற்ற எல்லாக் கட்டணத்தையும் கூட்டினாலும் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கட்டுப்பாட்டின் விலை உண்மையில் இங்கேதான் விழுகிறது. எனவே மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், லிமிட் ஆர்டரே போட வேண்டும். தூரத்து மாத ஒப்பந்தத்தில் ஸ்பிரெட்டைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

கடைசியாக, 'ஜீரோ கமிஷன், 500 மடங்கு லெவரேஜ்' என்று கூப்பிடும் வெளிநாட்டுத் தளங்கள். ஐரோப்பாவில் சில்லறை வர்த்தகருக்கு முக்கிய நாணய ஜோடிகளில் 2018 முதல் 30 மடங்குதான் உச்சம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1,000 யூரோ கட்டி 30 மடங்கில் இறங்கினால், யூரோ-டாலரில் ஒரு பிப் (விலையின் நான்காம் தசம இலக்கம்) ஸ்பிரெட்டுக்கு 3 டாலர் செலவு. 500 மடங்கில் அதுவே 50 டாலர். இந்தியாவில் இருப்பவர் இத்தகைய தளங்களுக்கு மார்ஜின் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவை மீறும் செயல். தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விழலாம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. பணம் கட்டுமுன் புரோக்கரின் பதிவு எண்ணை செபி இணையதளத்தில் தேடிச் சரிபார்க்க வேண்டும்.