பட்டாளத்து உத்தியோகமும் நம் பிள்ளைகளும்

பிள்ளை வளர்ந்தால் அவனுக்குரிய இடம் கடையின் பெட்டியடி என்று எண்ணுவது நம்மவரிடையே பழைய வழக்கம். ஈப்போவிலும் சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களிலும் மளிகை, துணி, சாப்பாட்டுக் கடை நடத்தியோர் அந்த எண்ணத்தாலேயே நிலைத்தனர். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு, லயத்து வாடிக்கைக்காரரும் போய்விட்டார்கள். ஆகவே எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, “வாப்பா, நான் பட்டாளத்தில் சேரட்டுமா?” என்று கேட்டால், உடனே கோபிப்பதும் சரியன்று, உடனே சம்மதிப்பதும் சரியன்று. வியாபாரி எதையும் வரவு செலவு பார்த்தே முடிவு செய்கிறான். இதையும் அவ்வாறே பார்ப்போம்.

“அது நமக்குரிய இடமல்ல” என்பார் சிலர். ஒரு காலத்தில் அது உண்மைதான். தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1896 முதல் 1919 வரை இருந்த பழைய படையில் பெரும்பாலும் சீக்கியரையும் பட்டாணியரையும் சேர்த்தார்கள். 1933-ல் போர்ட் டிக்சனில் 25 பேரோடு தொடங்கிய மலாய்ப் படை இன்றும் மலாய்க்காரருக்கே உரியது. மலாயாத் தமிழர் பெருவாரியாகத் துப்பாக்கி ஏந்தியது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில். ஈப்போவில் படித்த ராசம்மா பூபாலன் 1943-ல் பதினாறு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்! பின்னர் 1952-ல் எல்லா இனத்தாரையும் சேர்க்கும் படைப்பிரிவு ஒன்று தோன்றியது; 1963-ல் ரேஞ்சர் படை வந்தது. 1967-ல் தனபாலசிங்கம் என்னும் தமிழர் 31-ஆம் வயதில் கடற்படைத் தலைவரானார். மலேசியரில் அப்பதவிக்கு வந்த முதல் மனிதர் அவரே. கதவு திறந்தே இருக்கிறது, தட்டுவோர்தாம் குறைவு.

இனிக் கணக்குக்கு வருவோம். சிப்பாயாகச் சேர்பவனுக்கு மாதாந்திர பென்ஷன் கிடைக்க 21 ஆண்டுச் சேவை வேண்டும். பதினெட்டில் சேர்ந்தவன் முப்பத்தொன்பதில் பென்ஷனோடு வெளிவருவான். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மனம் மாறி வந்துவிட்டால் மாதப் பென்ஷன் இல்லை. பென்ஷனின்றி வெளியேறிய முன்னாள் படையினரின் மனக்குறை இந்நாட்டில் நெடுநாளாகப் பேசப்படுவது. ஆகவே “கொஞ்ச காலம் போய்ப் பார்க்கிறேன்” என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்ல வேண்டும். விதிகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. தான் சேரும் ஆண்டின் விதியை எழுத்தில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

1972-ல் ஏற்பட்ட படையினர் சேமிப்பு நிதி (எல்.டி.ஏ.டி.) வேறு இருக்கிறது. சிப்பாய் தன் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்துக் கட்டுகிறான். அரசாங்கம் பதினைந்து சேர்க்கிறது. கணக்குக்காக 2,000 ரிங்கிட் சம்பளம் என்று வைத்தால் மாதம் 500 ரிங்கிட் சேரும். நம் கடைகளில் எத்தனை முதலாளிகள் தம் சொந்தப் பிள்ளையின் பெயரில் மாதந்தோறும் இவ்வாறு எழுதி வைக்கிறார்கள்? வெளிவரும் படையினருக்குத் தொழில் பழக்கச் சுங்கை பூலோவில் ஒரு கழகமும் உண்டு. கடையில் வளர்ந்த பிள்ளைக்குத் தராசும் கணக்குப் புத்தகமும் முன்பே பழக்கம்; முப்பத்தொன்பதில் பென்ஷனோடு கடை திறப்பவன் கடன்காரனுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

செலவுப் பக்கத்தையும் மறைக்கலாகாது. ஊர் மாற்றம் வரும். வீட்டில் கல்யாணமா மௌத்தா என்று பார்த்து வராது. சேரும்போது மணமாகாதவனாக இருத்தல் வேண்டும். பெண் பேசி வைத்த வீட்டார் கவனிக்கவும். ஆபத்தும் உண்டு. 1960-ல் காங்கோவுக்கும், 1993-ல் சோமாலியாவிலும், 2007 முதல் லெபனானுக்கும் நம் நாட்டுப் படை போயிருக்கிறது. சோமாலியாவில் உயிரிழந்தவரும் உண்டு. தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் என்ன செய்வது என்று உம்மாமார் கலங்க வேண்டியதில்லை. படையில் மார்க்க விவகாரங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

படிப்பில் கெட்டிக்காரனை வெறும் சிப்பாயாக அனுப்பிவிடாதீர்கள். 1952-ல் தொடங்கிய அரச இராணுவக் கல்லூரி நான்காம் படிவத்தில் மாணவரைச் சேர்க்கிறது. சுங்கை பீசியில் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதிகாரியாக வர மலாய் மொழியில் கிரெடிட் அவசியம். கடலில் ஆசையுள்ளவன் வெகுதூரம் போக வேண்டாம். கடற்படையின் பெரிய தளம் நம் பேராவில் லூமுட்டிலேயே உள்ளது.

கடைக்கு ஒரே பிள்ளையாய் இருப்பவனுக்கு வத்தானியா எனும் தொண்டர் படை பொருத்தம். குறித்த நாட்களில் பயிற்சி, மற்ற நாட்களில் வியாபாரம். ஆறு மாதம் அதில் பழகினால், காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் வாழ்வு தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுகிறோம். படைக்கு மனுச் செய்யக் கட்டணமில்லை; மனு இணையத்தின் வழியே போகிறது. “மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இரண்டாயிரம் கொடுங்கள்” என்று கடை வாசலுக்கு வருபவனிடம் ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம்.